உங்கள் மாத்திரையின் பேடண்ட் முடிந்துவிட்டதா?

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டால் தென்காசிக்காரர்கள் வீட்டில் திண்ணைகூட மிஞ்சாது. 'சாரல் விழுதாமே!' என்று போன் வரும். அடுத்த நாளே பெட்டி படுக்கையோடு சொந்தக்காரர்கள் வந்து நிற்பார்கள். 2025 ஜூலையிலும் அப்படித்தான். நியூஜெர்சியில் இருக்கும் எங்கள் அக்காவும் அத்தானும் வந்து இறங்கினார்கள். மறுநாள் காலையில் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்த அத்தான் முகம் வெளிறி வெளியே வந்தார்.

"மாப்ளே... மாத்திரை பாட்டிலை அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன்!"

அத்தானுக்கு இதயத் துடிப்பு சீராக இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு ரத்தம் உறைந்து கட்டியாகி, அது மூளைக்குப் போய் அடைத்துவிடும் அபாயம் உண்டு. அதைத் தடுக்க அபிக்ஸபான் என்ற மாத்திரை, காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று. ஒரு வேளைகூட விடக்கூடாது. எலிக்விஸ் என்பது கம்பெனி வைத்த பெயர்.

உடனே தெரிந்த டாக்டரிடம் ஓடினோம். அவர் பார்த்து, அதே மருந்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். தென்காசியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பத்து நாளைக்கு வாங்கினோம். ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டினேன். மீதிச் சில்லறை வந்தது!

அத்தானுக்கு நம்பிக்கையே வரவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது டூப்ளிகேட் இல்லையே?" என்று காதோரம் கிசுகிசுத்தார். அவர் பயம் நியாயமானதுதான். அமெரிக்காவில் இந்த மாத்திரையின் பட்டியல் விலை, 2023 கணக்குப்படி, ஒரு மாதத்துக்கு 521 டாலர். நம் பணத்தில் நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல்! அங்கே முதியோருக்கான அரசாங்க இன்ஷூரன்ஸ் திட்டம் கம்பெனியோடு பேரம் பேசித்தான் 2026 ஜனவரியிலிருந்து அதை 231 டாலருக்குக் கொண்டுவந்தது.

ஒரே மருந்து. ஒரே வேலை. ஏன் இந்த மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்? 'இந்தியாவில் எல்லாமே மலிவு' என்று சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். விஷயம் அது இல்லை. விஷயம் ஒரு தேதியில் இருக்கிறது.

அருவியில் கட்டிய கயிறு

குற்றாலத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும். வெள்ளம் அதிகமானால் போலீஸ்காரர்கள் வந்து 'குளிக்கத் தடை' என்று கயிறு கட்டிவிடுவார்கள். மெயின் அருவியில் தடை இருக்கும், ஐந்தருவியில் அனுமதி இருக்கும். பழைய குற்றாலத்தில் சாயங்காலம்தான் திறப்பார்கள். எல்லாம் ஒரே மலையில் பெய்த மழைதான். ஆனால் ஒவ்வொரு அருவியிலும் கயிறு அவிழும் நேரம் வேறு.

மருந்துக்கும் அப்படி ஒரு கயிறு உண்டு. அதற்குப் பெயர் பேடண்ட், அதாவது காப்புரிமை. ஒரு கம்பெனி புது மருந்தைக் கண்டுபிடித்தால், குறிப்பிட்ட வருஷங்களுக்கு அதை வேறு யாரும் செய்து விற்கக் கூடாது. அவர்கள் வைத்ததுதான் விலை. கயிறு அவிழ்ந்தால் நாலு கம்பெனி, நாற்பது கம்பெனி என்று களத்தில் இறங்கும். போட்டி வந்தால் விலை தானாக இறங்கும்.

இந்தக் கயிறு உலகம் முழுவதற்கும் ஒன்று இல்லை. நாட்டுக்கு நாடு தனித்தனி. செங்கோட்டையைத் தாண்டி, புளியரை செக்போஸ்ட்டையும் தாண்டி ஆரியங்காவு போனால் லாட்டரிச் சீட்டு ஜோராக விற்கும். இந்தப் பக்கம் 2003-லிருந்து தடை. சீட்டு மாறவில்லை, சட்டம்தான் மாறுகிறது. மருந்துக்கும் அதே கதைதான்.

அத்தானின் அபிக்ஸபானையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலப் பேடண்ட்டுக்கு 2002 செப்டம்பரில் விண்ணப்பம் போட்டார்கள். இருபது வருஷம் கழித்து, 2022 செப்டம்பரில் இந்தியாவில் கயிறு அவிழ்ந்தது. இங்கிலாந்தில் 2022-லேயே கோர்ட், 'இந்தப் பேடண்ட் செல்லாது' என்று சொல்லிவிட்டது. அமெரிக்காவிலோ, மலிவான அபிக்ஸபானை விற்க இரண்டு கம்பெனிகளுக்கு மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரிலேயே ஒப்புதல் கொடுத்தாயிற்று. ஆனாலும் கடைக்கு வரவில்லை. கோர்ட் வழக்கு, சமரசம் என்று போய், '2028 ஏப்ரலுக்கு முன்னால் வராது' என்று ஆகிவிட்டது. தென்காசிக்கும் நியூஜெர்சிக்கும் நடுவே ஐந்தரை வருஷம்!

இருபது வருஷம் எப்படி நீள்கிறது?

இருபது வருஷம் என்பது பெரும்பாலான நாடுகளுக்குப் பொது. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி 1995-லிருந்து வந்த கணக்கு அது. பிறகு எப்படித் தேதி மாறுகிறது? அங்கேதான் சூட்சுமம்.

முதலாவது, 'நஷ்டஈட்டு வருஷங்கள்'. இருபது வருஷம் எண்ண ஆரம்பிப்பது விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து. மருந்தைப் பரிசோதித்து, அனுமதி வாங்கிக் கடைக்குக் கொண்டுவருவதற்குள் அதில் பத்து, பன்னிரண்டு வருஷம் ஓடிவிடலாம். 'எங்களுக்கு நஷ்டம்' என்று கம்பெனிகள் சொல்ல, அமெரிக்கா 1984-ல் ஒரு சட்டம் போட்டது. அதன்படி ஐந்து வருஷம் வரை பேடண்ட்டை நீட்டிக்கலாம். ஐரோப்பாவிலும் ஐந்து வருஷம் வரை கூடுதல் பாதுகாப்பு உண்டு. இந்தியச் சட்டத்தில் இந்த நீட்டிப்பு கிடையாது. இருபது என்றால் இருபதுதான்.

இரண்டாவதுதான் பலருக்கும் தெரியாத சமாச்சாரம். பேடண்ட் இல்லாமலே கட்டப்படும் இன்னொரு கயிறு. முதல் கம்பெனி ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் பரிசோதனை செய்து, அந்த விவரங்களை அரசாங்கத்திடம் கொடுக்கிறது. பின்னால் வரும் கம்பெனி அத்தனை சோதனையையும் திரும்பச் செய்வதில்லை. 'எங்கள் மாத்திரையும் அதே அளவு ரத்தத்தில் சேர்கிறது' என்று நிரூபித்தால் போதும். ஆனால் அமெரிக்கா, 'புது மூலக்கூறு என்றால் முதல் கம்பெனியின் விவரத்தை ஐந்து வருஷம் யாரும் பயன்படுத்தக் கூடாது' என்கிறது. உயிரியல் மருந்துகளுக்குப் பன்னிரண்டு வருஷம்! ஐரோப்பாவில் எட்டு வருஷம் அந்த விவரத்தைத் தொட முடியாது. அதற்கு மேல் இரண்டு வருஷம் விற்பனைக்கும் தடை. இந்தியாவில் இப்படி ஒரு தனிச் சட்டம் கிடையாது.

இந்த இரண்டாவது கயிற்றின் பலம் தெரியவேண்டுமா? கனடாவில் நடந்ததைக் கேளுங்கள். சர்க்கரைக்கும் உடல் எடை குறைப்புக்கும் இப்போது எல்லோரும் பேசுகிறார்களே, செமாகுளுடைட் ஊசி... அதன் பேடண்ட்டுக்குக் கனடாவில் வருஷா வருஷம் கட்டவேண்டிய கட்டணத்தைக் கம்பெனி கட்டாமல் விட்டது. சில நூறு டாலர்தான். பேடண்ட் காலாவதி ஆகிவிட்டது! நாம் கரண்ட் பில் கட்ட மறந்து ஃப்யூஸ் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி. ஆனாலும் மறுநாளே அங்கே மலிவு ஊசி வந்துவிட்டதா? இல்லை. பரிசோதனை விவரத்துக்கான எட்டு வருஷத் தனி உரிமை அப்படியே இருந்தது. அது 2026 ஜனவரி வரை தாங்கிப் பிடித்தது. இந்தியாவில் அதே மருந்தின் மூலப் பேடண்ட்டுக்கு 2026 மார்ச் கெடு. அமெரிக்காவிலோ 2030-களின் தொடக்கம் வரை இழுக்கிறது. ஒரே ஊசிக்கு மூன்று நாட்டில் மூன்று தேதி.

மூன்றாவது, பழைய மருந்துக்குப் புதுச் சட்டை. மருந்தில் சின்ன மாற்றம் செய்து, உப்பை மாற்றி, படிக வடிவத்தை மாற்றி, 'இது புதுக் கண்டுபிடிப்பு' என்று இன்னொரு பேடண்ட் கேட்பது. இந்த இடத்தில்தான் நம் நாடு உலகத்துக்கே பாடம் நடத்தியது. அதில் சென்னைக்கும் பங்கு உண்டு.

சென்னையில் ஆரம்பித்த வழக்கு

நாற்பது வயதுக்கு மேற்பட்ட வாசகர்களுக்கு கிளிவெக் பெயர் நினைவிருக்கலாம். ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான மாத்திரை. இமாடினிப் என்பது அதன் மருந்துப் பெயர். 2003 நவம்பரில் இந்த மாத்திரையை விற்கும் தனி உரிமை நோவார்டிஸ் கம்பெனிக்கு இந்தியாவில் கிடைத்தது. கம்பெனி மாத்திரை மாதத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் அளவில். நம் ஊர்க் கம்பெனிகளின் மாத்திரை எட்டாயிரம், பத்தாயிரத்தில் கிடைத்துக்கொண்டிருந்தது. பல நோயாளிகளுக்கு நோவார்டிஸ் இலவசமாகவும் கொடுத்து வந்தது, அதையும் சொல்லவேண்டும். ஆனால் உயிர் பிழைப்பது தர்மத்தை நம்பி இருக்கலாமா, உரிமையை நம்பி இருக்கவேண்டுமா என்பதுதான் கேள்வி.

2006 ஜனவரியில் சென்னை பேடண்ட் அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. காரணம், 2005-ல் பேடண்ட் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 3(டி) என்ற பிரிவு. 'தெரிந்த மருந்தின் புது வடிவம் என்றால், அது நோயைக் குணப்படுத்துவதில் கணிசமாக மேம்பட்டதாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பேடண்ட் இல்லை' என்பதுதான் அதன் சாரம். கம்பெனி அந்தப் பிரிவையே எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்டில் மனு தள்ளுபடி. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் 'பேடண்ட் கிடையாது' என்று தீர்ப்புச் சொன்னது. அமெரிக்காவில் மலிவு இமாடினிப் வந்தது 2016-ல்தான்!

அப்புறம் காசநோய். மருந்துக்கு மசியாத காசநோய்க்குக் கொடுக்கும் பெடாகுவிலின் மாத்திரைக்கு, 2027 வரை போகும் இரண்டாவது பேடண்ட் ஒன்றை ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி இந்தியாவில் கேட்டது. அதை எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன், தென் ஆப்பிரிக்காவின் பும்ஸா டிசிலே என்ற இரண்டு பெண்கள். இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய மருந்துகளின் பக்கவிளைவால் காது கேட்கும் திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் பேடண்ட் அலுவலகம் இந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. அதே ஜூலை 18-ல் மூலப் பேடண்ட்டும் முடிந்தது.

இதற்கெல்லாம் விதை போட்டவர்களில் ஒரு தமிழரும் உண்டு. நீதிபதி ராஜகோபால ஐயங்கார். 1959-ல் அவர் கொடுத்த அறிக்கைதான் 1970-ஆம் வருஷத்துப் பேடண்ட் சட்டத்துக்கு அடிப்படை. அந்தச் சட்டம் 1972-ல் அமலுக்கு வந்தது. மருந்துப் பொருளுக்குப் பேடண்ட் இல்லை, செய்முறைக்கு மட்டும்தான் என்று சொன்னது. அந்த முப்பது வருஷத்தில்தான் நம் மருந்துத் தொழில் வளர்ந்து நிமிர்ந்தது. 2005-லிருந்து மருந்துப் பொருளுக்கும் பேடண்ட் வந்துவிட்டது. அதனால்தான் இப்போது 'எப்போது முடிகிறது?' என்ற கேள்வி நம் வீட்டு பட்ஜெட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

சித்தி கேட்ட கேள்வி

மறுபடி தென்காசிக்கே வருவோம். அன்றைக்கு மெடிக்கல் ஷாப்புக்கு எங்களோடு கீழப்புலியூர் சித்தியும் வந்திருந்தார். அறுபத்தெட்டு வயது. சித்தப்பா காலமாகி, குடும்ப பென்ஷனில் காலம் தள்ளுகிறவர். சர்க்கரை வியாதி. அத்தான் மிச்சச் சில்லறை வாங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், தயங்கித் தயங்கிக் கடைக்காரரிடம் கேட்டார்.

"எய்யா... என் மாத்திரைக்கும் இப்படி ஒண்ணு வந்திருக்கா?"

சித்தியின் மாத்திரை எம்பாகிளிஃப்ளோசின். ஒன்று சுமார் அறுபது ரூபாய். மாதம் ஆயிரத்து எண்ணூறு.

"வந்து நாலு மாசம் ஆச்சே ஆச்சி! அஞ்சு ரூவா, ஆறு ரூவாலேர்ந்து இருக்கு. டாக்டர் சீட்டில இந்தக் கம்பெனி பேருதான எழுதியிருக்காக? நான் எப்படி மாத்தித் தர?"

அவர் சொன்னது சரி. டாக்டர் எழுதின பிராண்டைக் கடைக்காரர் தன்னிஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. அந்த மருந்தின் பேடண்ட் இந்தியாவில் 2025 மார்ச் 11-ல் முடிந்துவிட்டது. ஒரே வாரத்தில் ஏகப்பட்ட கம்பெனிகள் மாத்திரையை இறக்கிவிட்டன.

வீட்டுக்கு வந்ததும் சித்தி சொன்ன விஷயம்தான் எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வருஷமாகவே அவர் அந்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். "கட்டுப்படி ஆகல மக்கா... உங்ககிட்டச் சொன்னா நீங்க பணம் அனுப்புவிய. அதான் சொல்லல" என்றார். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தோம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எகிறிக் கிடந்தது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தது.

முதல் எட்டு மாதம் அவர் பாதி மாத்திரையில் ஓட்டியதற்கு விலையைக் குற்றம் சொல்லலாம். கடைசி நாலு மாதத்துக்கு யாரைக் குற்றம் சொல்வது? கயிறு அவிழ்ந்துவிட்டது. தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சித்தி கரையிலேயே காத்துக்கொண்டிருந்தார். 'அவிழ்ந்தாச்சு, வாங்க' என்று கூப்பிட ஆள் இல்லை. பழைய சீட்டையே காட்டி மாத்திரை வாங்கினோம். டாக்டர் அதையே திரும்ப எழுதினார். கடைக்காரர் எழுதினதைக் கொடுத்தார். படித்த பிள்ளைகள் நாங்கள், 'மாத்திரை போடுறீங்களா சித்தி?' என்று மட்டும் போனில் கேட்டோம். விலையைக் கேட்கவில்லை.

என் அபிப்பிராயம் இதுதான்: பேடண்ட் முடியும் தேதி வக்கீல்களுக்கும் கம்பெனிகளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியமாக இருக்கக் கூடாது. அது நோயாளிக்குச் சேரவேண்டிய தகவல். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி போடுகிறார்களே, அதுபோல இந்தத் தேதியும் நமக்குத் தெரியவேண்டும். 'இந்த மாதம் பேடண்ட் முடிந்த மருந்துகள்' என்று ஆஸ்பத்திரிகளிலும் மருந்துக் கடைகளிலும் ஒரு போர்டு வைத்தால் என்ன குறைந்துவிடும்?

'ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டாமா?'

வேண்டும்தான். புது மருந்து கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதற்குத்தான் இருபது வருஷம் கொடுக்கிறோம். அதைப் பிடுங்கச் சொல்லவில்லை. இருபது முடிந்த பிறகு இன்னொரு முடிச்சுப் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறோம். பணக்கார நாடுகளோடு வர்த்தக ஒப்பந்தம் பேசும்போதெல்லாம் பேடண்ட் நீட்டிப்பு, பரிசோதனை விவரத்துக்குத் தனி உரிமை என்ற கோரிக்கைகள் மேஜைக்கு வந்திருக்கின்றன. அதற்கு நம் அரசாங்கம் தலையாட்டக் கூடாது. அங்கே ஒரு கையெழுத்து மாறினால், கீழப்புலியூரில் ஒரு மாத்திரை பாதியாகும்.

இன்னொரு நியாயமான பயம், தரம். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்துக் குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அது பேடண்ட் கோளாறு இல்லை, கண்காணிப்புக் கோளாறு. ஆனால் மலிவு மருந்து வேண்டும் என்று கேட்கிற நாம், அதைச் சோதிக்க ஆட்களும் ஆய்வுக்கூடங்களும் வேண்டும் என்றும் சேர்த்தே கேட்கவேண்டும். இல்லாவிட்டால் அத்தானின் 'டூப்ளிகேட்' பயத்துக்கு நம்மிடம் பதில் இருக்காது.

நீங்கள் செய்யவேண்டியது

1. மாத்திரையின் கம்பெனிப் பெயரோடு, அட்டையில் எழுதியிருக்கும் மருந்துப் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விலை விசாரிக்க அதுதான் சாவி.

2. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் வாய் விட்டுக் கேளுங்கள்: 'இதே மருந்து இப்போ வேறு கம்பெனியில வந்திருக்கா?' கூச்சமே வேண்டாம். சர்க்கரைக்குக் கொடுக்கும் வில்டாகிளிப்டின் 2019 டிசம்பரிலும், சிடாகிளிப்டின் 2022 ஜூலையிலும் இந்தியாவில் பேடண்ட் முடிந்தவை. இன்னமும் பழைய விலையே கொடுக்கிறவர்கள் இருக்கலாம்.

3. பேடண்ட் முடிந்தால் பழைய பிராண்டின் விலை தானாக இறங்கும் என்று நினைக்காதீர்கள். கேட்டு மாற்றினால்தான் மாறும்.

4. மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் விசாரியுங்கள்.

5. நீங்களாக மாற்றாதீர்கள். முக்கியமாக ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை. டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகே மாற்றவேண்டும்.

6. கட்டுப்படி ஆகவில்லை என்றால் மாத்திரையைக் குறைக்காதீர்கள். டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவர் வேறு வழி சொல்வார்.

சித்திக்கு டாக்டர் சீட்டை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது தினமும் சாப்பிடுகிறார். சர்க்கரை இறங்கிவிட்டது. பாதத்தில் போன உணர்ச்சி மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. செருப்பு நழுவுவதுகூடத் தெரிவதில்லை என்கிறார்.

இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை டப்பாவை ஒருமுறை திறந்து பாருங்கள். மாத்திரை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று எண்ணுங்கள். கணக்கு உதைத்தால், திட்டாமல், மெதுவாக விலையைக் கேளுங்கள்.